மூணு சென்ட்டுக்குப் போலீஸ் வரும்

கேரளமும் தமிழ்நாடும் 1956 நவம்பர் 1 முதல் பக்கத்து வீட்டுக்காரர்கள். அன்றைக்குப் பாகம் பிரித்தபோது நட வேண்டிய கல்லை இன்னும் முழுசாக நட்டு முடிக்கவில்லை. இரண்டு மாநிலத்துக்கும் நடுவே 822 கிலோமீட்டர் எல்லை. அதில் இரண்டு அரசும் சேர்ந்து நின்று அளந்தது 203 கிலோமீட்டர்தான் என்று 2022இல் தமிழ்நாட்டுத் தலைவர்கள் அறிக்கைமேல் அறிக்கையாக விட்டார்கள். மிச்சக் கோடு எங்கே போகிறது என்று கேட்டால் சென்னையும் திருவனந்தபுரமும் வானத்தைப் பார்க்கும். ஆனால் பனச்சமூட்டில் ஒருவன் கய்யாலையை ஒரு சாண் தள்ளிக் கட்டட்டும் பார்க்கலாம். வில்லேஜ் ஆபீசர் வருவார், சர்வேயர் வருவார், கோர்ட்டிலிருந்து வக்கீல் கமிஷன் வரும், ஆமீன் வருவார், கடைசியில் ஜீப்பு நிறையப் போலீஸ் வரும்.

பனச்சமூடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. களியக்காவிளைக்கு வடக்கே, வெள்ளறடைப் பக்கம், நெய்யாற்றின்கரை தாலுகாவும் விளவங்கோடு தாலுகாவும் முட்டிக்கொள்கிற இடம். சந்தை கேரளத்துக்கு, சந்தைக்கு வருகிற கூட்டத்தில் பெரும்பங்கு தமிழ்நாட்டுக்கு. பேச்சு எந்த மாநிலத்துக்கு என்று பேசுகிறவர்களுக்கே தெரியாது. ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்கள். எவருக்கும் சிரமமில்லை.

கோடு இங்கே காணாமல் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஏழை எளியவன் கையில் ஏதாவது இருந்தால் கோடு உடனே கண்ணுக்குத் தெரியும். கேரளப் பக்கம் மேசை போட்டு லாட்டரிச் சீட்டு விற்கிறவர் அரசாங்கத்துக்கு வருமானம் ஈட்டித் தருகிற நல்ல குடிமகன். அதே மேசையை ரோட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் நகர்த்தினால் குற்றவாளி. இங்கே லாட்டரி 2003இலேயே ஒழிந்துவிட்டது. கொரோனாக் காலத்தில் கோடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. களியக்காவிளையில் நெடுஞ்சாலையை அடைத்ததோடு நிற்காமல், பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரைக்கும் உள்ள ஊடுவழிகளில்கூட மண்ணைக் கொட்டியும் தடுப்பு வைத்தும் மறித்தார்கள். அக்கா வீடு அந்தப் பக்கம், தங்கச்சி வீடு இந்தப் பக்கம், நடுவில் ஒரு லோடு செம்மண். அறுபது வருஷத்துக்கு மேலாக அளக்க நேரமில்லாத கோட்டை ஒரே ராத்திரியில் கண்டுபிடித்தார்கள் பாருங்கள், அந்தத் திறமையைப் பாராட்ட வேண்டும்.

இப்போது கய்யாலைக்கு வருவோம். மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய எல்லைத் திண்டுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. இடவப்பாதி மழைக்கு ஒரு தடவை இடியும், துலா மழைக்கு ஒரு தடவை இடியும். இடிந்ததைக் கொத்திக் கட்டுகிற ஆள்தான் இந்த ஊரின் உண்மையான நில அளவை அதிகாரி. மண்வெட்டியை அந்தப் பக்கம் சாய்த்து வெட்டி இந்தப் பக்கம் வைத்துக் கட்டினால் வருஷத்துக்கு நாலு விரல் கிடைக்கும். நாலு விரலுக்காக எவன் கோர்ட்டுக்குப் போவான் என்று தைரியம். பத்து வருஷத்தில் அது ஒரு ரப்பர் மரம் நிற்கிற அகலம் ஆகும். மரம் வளரும், பால் எடுப்பார்கள், அப்போதுதான் அடுத்த வெளைக்காரருக்கு அளவு ஞாபகம் வரும்.

அப்புறம் சர்வேயரைக் கூப்பிடுவார்கள். சர்வேயர் வருகிற நாள் இந்த ஊரில் கோயில் கொடை மாதிரி. வேலைக்குப் போகிறவன் லீவு போடுவான். சம்பந்தமில்லாத பத்துப் பேர் கைகட்டி நிற்பார்கள். சங்கிலி விரியும்போது ஒரு கூட்டம் இழுத்துப் பிடிக்கச் சொல்லும், இன்னொரு கூட்டம் தளர்த்தச் சொல்லும்.

"சாரே, இந்தக் கல்லு எனக்க அப்பன் காலத்துல இருந்து இங்கனதான் நிக்கு."

"ஒனக்க அப்பன் இருந்தப்ப நின்னுது. அவரு போனப்பெறவு நடக்கத் தொடங்கியாச்சு."

சர்வேயர் இரண்டு பேரையும் பார்க்க மாட்டார். அவருக்கு முதலில் ஆதாரக் கல் வேண்டும். அது ரோடு அகலப்படுத்தியபோது ஜேசிபியில் போயிருக்கும். அல்லது யாரோ ஒருவர் வீட்டில் துணி துவைக்கிற கல்லாக இருக்கும். கல் இல்லாவிட்டால் படம் பார்க்க வேண்டும். படத்தில் இருப்பது ஒரு சர்வே நம்பர், பிரமாணம் என்கிற பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே நம்பர், கரம் கட்டிய ரசீதில் இருப்பது மூன்றாவது நம்பர். பிரமாணத்தை எழுதிய காலத்தில் இது திருவிதாங்கூர், எழுத்து மலையாளம். கிழக்கெல்லை இன்னாருடைய பிலாமரம், தெற்கெல்லை தோடு என்று எழுதி வைத்திருப்பார்கள். பிலாவை வெட்டிக் கட்டில் செய்தாகிவிட்டது. தோடு என்கிற அந்த ஓடையின் மேல் ஓர் ஆடிட்டோரியம் நிற்கிறது.

மனுஸ்மிருதியில் எனக்குப் பிடித்த ஒரே இடம் எல்லைத் தகராறுதான். எல்லைக்குச் சாட்சி சொல்ல வருகிறவன் சிவப்புத் துணி உடுத்து, மாலை போட்டு, தலையில் மண்ணைச் சுமந்துகொண்டு சத்தியம் செய்ய வேண்டுமாம். இன்றைக்கு அந்தச் சிரமம் சாட்சிக்கு இல்லை. தலையில் மண்ணைப் போடுகிற வேலையை ஆபீசே பார்த்துக்கொள்கிறது.

சட்டத்துக்கு இங்கே பஞ்சமில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் 1923ஆம் வருஷத்து நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். கேரளப் பக்கம் அதே மாதிரி இன்னொன்று, 1961இல் போட்டது. இரண்டும் சொல்வது ஏறக்குறைய ஒன்றே: அளவை முடிந்தது என்று அறிவித்துவிட்டால் அதுதான் எல்லை, ஒப்புக்கொள்ளாதவன் கோர்ட்டுக்குப் போகலாம். தமிழ்நாட்டுச் சட்டத்தில் அதற்கு மூன்று வருஷம் கெடு. நம் ஆட்களுக்கு அறிவிப்பு வந்ததே மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும். போதாக்குறைக்கு 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். என்கிற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர் மாறிப் பதிவானதையும் அளவு பிசகியதையும் திருத்தக் கேட்டு இன்றைக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதிய கிளார்க்கு ரிட்டயர் ஆகிப் பென்ஷனும் வாங்கி முடித்திருப்பார். பிழை மட்டும் சர்வீசில் இருக்கிறது.

ஆகவே கோர்ட்டு. இந்தப் பக்கம் குழித்துறை, அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை. அரை சென்ட்டுக்காக வழக்குப் போட்டவர் வக்கீல் ஃபீசுக்கு இரண்டு சென்ட் விற்பார். எதிராளியும் விற்பார். வாங்குகிறவர் துபாயிலோ சவுதியிலோ இருக்கிற மூன்றாவது ஆள். இரண்டு வாய்தாவுக்கு நடுவில் அவர் வீட்டைவிட உயரமாக ஒரு மதிலைக் கட்டி, மேலே கண்ணாடிச் சில்லும் பதித்துவிடுவார். தீர்ப்பு வரும்போது வாதிக்கும் பிரதிவாதிக்கும் தகராறு செய்யப் பொதுவான எல்லையே மிஞ்சியிருக்காது. அப்போதும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் வீட்டுச் சாவுக்கு இன்னொருவர் போக மாட்டார்.

இதுவரைக்கும் சிரித்தாகிவிட்டது. இனிச் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

2020 டிசம்பர் 22. பனச்சமூட்டுக்கு அதே தாலுகா, நெய்யாற்றின்கரை அருகே ஒரு லட்சம் வீடு காலனி. நிலமில்லாதவர்களுக்கு வீடு என்று எம்.என். கோவிந்தன் நாயர் மந்திரியாக இருந்தபோது 1972இல் தொடங்கி வைத்த திட்டத்தின் பெயரைத் தாங்கிய காலனிகளில் ஒன்று. தகராறு மூன்று சென்ட் நிலம். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி சொச்சம். மூன்று சென்ட்டும் சேர்ந்தால் நெடுஞ்சாலையோரத்து மந்திரி பங்களாக்களில் கார் நிறுத்துகிற முற்றம் அளவுக்குத் தேறும். அதில் ஒரு கொட்டகை போட்டு ஒரு குடும்பம் இருந்தது. நிலம் என்னுடையது என்று பக்கத்து வீட்டுக்கார அம்மா கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டு காலி செய்யச் சொன்னது. உத்தரவை நிறைவேற்றப் போலீஸ் பாதுகாப்போடு ஆட்கள் வந்தார்கள்.

குடும்பத் தலைவர் பெட்ரோலை மேலே ஊற்றிக்கொண்டு, மனைவியைச் சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டு, கையில் லைட்டரோடு நின்றார். வந்தவர்களைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்பத்தான் என்று பிறகு சொன்னார்கள். ஒரு போலீஸ்காரர் லைட்டரைத் தட்டிவிடப் போனார். தீ பிடித்தது. அதைப் படம் பிடித்தார்கள். கேரளம் முழுக்கப் பார்த்தது. ஆறு நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று கணவர் செத்தார். அதே நாள் மனைவியும் செத்தார். அப்பனுக்கு அந்த மண்ணிலேயே குழி வெட்டியவன் இளைய பையன். அப்போதும் போலீஸ் தடுக்க வந்தது. மண்வெட்டியோடு நின்ற அந்தப் பையன் விரலை நீட்டிப் போலீசைக் கேட்ட கேள்வியைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி நம் அரசு இயந்திரம் எவ்வளவு சுறுசுறுப்பானது என்று பாருங்கள். காலி செய்வதை நிறுத்தி வைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் போட்ட தடையுத்தரவு அதே நாளில் வந்தது, தீ எரிந்து முடிந்த பிறகு வந்தது என்று செய்திகள் வந்தன. காலனிப் பட்டா நிலம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கைமாறியதே செல்லுமா என்று கலெக்டர் விசாரிக்கச் சொன்னது இரண்டு பேரும் செத்த பிறகு. போலீஸ் செய்தது சரியா என்று விசாரிக்க உத்தரவு, அதுவும் செத்த பிறகு. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5 லட்சம், வீடு, படிப்புச் செலவு என்று மந்திரிசபை முடிவெடுத்தது செத்த பிறகு. மூன்று சென்ட் நிலமும் ஒரு வீடும் கொடுக்க அரசாங்கத்தால் முடியும் என்பது அன்றைக்கு நிரூபணமானது. விண்ணப்பத்தோடு இரண்டு பிணம் இணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் ஒரு பெரிய நகைக்கடை முதலாளி வந்தார். கோர்ட்டு, கமிஷன், போலீஸ் எல்லாம் சேர்ந்து இரண்டு உயிரை எரித்தும் தீராத தகராறை அவர் செக் புத்தகத்தால் தீர்த்தார்: பக்கத்து வீட்டுக்காரரிடமே அந்த நிலத்தை விலைக்கு எழுதி வாங்கி, பிரமாணத்தைப் பிள்ளைகளிடம் நீட்டினார். பிள்ளைகள் வாங்கவில்லை. விற்க உரிமையில்லாத நிலத்தை எப்படி விலைக்கு வாங்கித் தருவீர்கள், தருவதானால் அரசாங்கம் தரட்டும் என்றார்கள். அந்த இரண்டு பையன்களுக்கு இருந்த சட்ட ஞானம் இந்த விவகாரத்தில் சம்பளம் வாங்கிய ஒருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரைத் திட்ட எனக்கு இஷ்டமில்லை. அவரையும் அப்போது ஊரே வேண்டிய மட்டும் திட்டித் தீர்த்தது, திட்டுவது சுலபம். பட்டா கொடுத்தது ஓர் ஆபீஸ், கைமாறியதைப் பதிவு செய்தது ஓர் ஆபீஸ், கரம் வாங்கியது ஓர் ஆபீஸ். மூன்று ஆபீசும் முத்திரை குத்திக் கொடுத்த காகிதத்தை ஒருத்தர் கையில் வைத்துக்கொண்டு நிலம் என்னுடையது என்று நம்பினால், முத்திரை குத்தியவனை விட்டுவிட்டு அவரை மட்டும் கொலைகாரி என்பது நமக்குச் சௌகரியமான கோபம்.

இப்போது பெரிய பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்ப்போம். அவர்களுக்கு இடையே தகராறு இல்லையா? உண்டு. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்நாட்டுக்கு நெய்யாற்றின்கரையையும் சேர்த்துத்தான் கேட்டது. மார்ஷல் நேசமணி கேட்டார். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் முதல்வர் பட்டம் தாணுபிள்ளையின் போலீஸ் சுட்டது. சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளரான லோகியாவே அவரைப் பதவி விலகச் சொன்னார். மாநிலங்களைப் பிரிக்கப் போட்ட ஃபசல் அலி கமிஷன் வந்தது. மூன்று பேர் கொண்ட அந்தக் கமிஷனில் ஒருவர் திருவிதாங்கூர்க்காரரான கே.எம். பணிக்கர். வேலித் தகராறுப் பஞ்சாயத்தில் ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் சொந்தக்காரர் உட்கார்ந்தால் ஊரில் என்ன பேசுவார்களோ அதைத் தமிழர்கள் இன்றுவரை பேசுகிறார்கள். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு இந்தப் பக்கம் வந்தன, செங்கோட்டையும் வந்தது. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் நின்றன. நவம்பர் 1 வந்தால் குமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, மாலை, மரியாதை. அதே நாள் அந்தப் பக்கம் கேரளப் பிறவி, பட்டுச் சேலை, பாயசம். கல் நடாமலே கிரகப்பிரவேசம் கொண்டாடுகிற இரண்டு வீடுகள்.

நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகாவில் 9,200 ஏக்கருக்குத் தண்ணீர் தருவதற்காக வெட்டியது. 2004இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. ஆறு எங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது, உனக்கு என்ன உரிமை என்றது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 2012இல். இடையில் எட்டு வருஷம் என்ன செய்தது? கடிதம் எழுதியது. எட்டு வருஷம் வயல் சும்மா கிடக்குமா? ரப்பரும் வாழையும் வைத்தார்கள், மனை போட்டு விற்றார்கள். ஒரு வீட்டுக்காரன் அடுத்தவனுக்குப் போகிற ஓடையை அடைத்தால் மறுநாள் ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். 9,200 ஏக்கர் ஓடையை அடைத்தவருக்குப் பொன்னாடை. அதை எட்டு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் பொன்னாடை.

குப்பை விஷயத்தில் எல்லையே கிடையாது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவு திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூரிலும் கொடகநல்லூரிலும் கொட்டிக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்த பிறகு கேரளம் லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அத்தனை செக்போஸ்ட்டையும் அது எப்படித் தாண்டி வந்தது? தேங்காய் சாக்கு இரண்டைக் கட்டிக்கொண்டு வருகிற பைக்குக்காரனை நிறுத்திப் பிரிக்கச் சொல்கிற செக்போஸ்ட்டுகள் இவை. ஊசியும் ரத்தப் பஞ்சும் ஏற்றிய லாரி அவர்கள் கண்ணில் படவில்லை. திரும்பிப் போகிற திசையில் குமரி மலைகளை உடைத்த கல் லாரி லாரியாகக் கேரளம் போகிறது, விழிஞ்ஞம் துறைமுகத்தில் கடலை நிரப்ப. நம் மலை அங்கே, அவர்கள் குப்பை இங்கே. நல்ல கொடுக்கல் வாங்கல். அதில் இங்கே உள்ள நம் ஆட்களுக்குப் பங்கு இல்லாமல் ஒரு லாரியும் நகராது என்று சந்தையில் மீன் வெட்டுகிறவருக்குக்கூடத் தெரியும்.

2022 நவம்பர் 1 அன்று கேரளம் டிஜிட்டல் ரீசர்வே தொடங்கியது. 1,550 கிராமங்கள், நாலு வருஷம், செயற்கைக்கோள் உதவியோடு அளக்கிற கருவி. எல்லோருக்கும் நிலம், எல்லா நிலத்துக்கும் ஆவணம், எல்லாச் சேவையும் ஸ்மார்ட் என்பது அந்த வருவாய்த் துறையின் முழக்கம். லட்சம் வீடு காலனியில் எரிந்த தீ அணைந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தமிழ்நாட்டில் உடனே ஒரே ஆவேசம்: எங்கள் நிலத்தையும் சேர்த்து அளக்கிறான், விடமாட்டோம். அறிக்கை, பேட்டி, ஆர்ப்பாட்டம். இரண்டு வாரம் கழித்து வேறு விஷயம் கிடைத்தது, போய்விட்டார்கள். சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லைக்கு வந்து, வா, சேர்ந்து அளப்போம் என்று 822 கிலோமீட்டருக்கும் நின்றவர் எவரும் இல்லை. அளந்துவிட்டால் அடுத்த தேர்தலுக்குத் தகராறு எங்கே கிடைக்கும்?

கய்யாலையை நாலு விரல் நகர்த்துகிற என் ஊர்க்காரனும் யோக்கியன் இல்லை. ஆனால் அவன் திருடுவது மண்வெட்டியால். அகப்பட்டால் நாலு பேர் முன்னால் தலை குனிவான். கோப்பால் திருடுகிறவனுக்குத் தலை குனிய வேண்டிய அவசியமே வருவதில்லை.

நெய்யாற்றின்கரையிலும் குழித்துறையிலும் நாற்காலியில் இருக்கிறவர்களிடம் கேட்பதற்கு ஒன்றுதான் உண்டு. ஆள் குடியிருக்கிற கூரையைப் பிரிக்க ஜீப்பு ஏறுவதற்கு முன்னால், மேல்கோர்ட்டில் மனு ஏதும் கிடக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கிடந்தால் ஒரு நாள் பொறுங்கள். 822 கிலோமீட்டருக்கு 1956 முதல் பொறுத்திருக்கிற அரசாங்கங்களுக்கு, மூணு சென்ட்டுக்கு ஒரு நாள் பொறுப்பது பெரிய காரியமில்லை.